தாத்தா பூங்காவில் என்ன செய்தார்?

போன வாரம் ஒரு மாணவி ஆங்கிலக் கட்டுரையில், தன் தாத்தா தினமும் சாயங்காலம் பூங்காவில் 'லாய்ட்டர்' செய்வதாக எழுதியிருந்தாள். "அகராதியில் 'சுற்றித் திரிதல்'னு போட்டிருந்துச்சு சார்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இங்கிலாந்துக்காரர் அதைப் படித்தால், தாத்தாவைப் போலீஸ் விசாரிக்கவில்லையா என்று கேட்பார். காரணமில்லாமல் ஓரிடத்திலேயே நின்று, பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்படி பொழுதைப் போக்குவது லாய்ட்டர். காற்று வாங்க மெல்ல நடப்பது 'ஸ்ட்ரோல்'. நம் ஊரிலும் பெரியவர் 'உலாவுகிறார்', வேலையில்லாத பையன் 'திரிகிறான்'. கால் ஒன்றுதான், பார்க்கிற கண் வேறு.

'வாண்டர்' என்பதில் போகிற இடம் முடிவாகவில்லை. என் வகுப்பில் உங்கள் மனசு போவதும் அதுதான். 'ஸ்ட்ரே' என்றால் இருக்க வேண்டிய இடத்தை விட்டு விலகியது, மந்தையைப் பிரிந்த ஆடு மாதிரி. 'மியாண்டர்' ஓர் ஆற்றின் பெயர். துருக்கியில் வளைந்து வளைந்து ஓடி ஏஜியன் கடலில் கலக்கும் அந்த ஆற்றைக் கிரேக்கர்கள் மையாண்ட்ரோஸ் என்றார்கள். ஆகவே வளைவு இல்லாமல் மியாண்டர் இல்லை.

எனக்குப் பிடித்த ஜோடி 'ராம்பிள்', 'ரோம்'. பொழுதுபோக்காக வயல்வெளி, மலைப்பாதை என்று நெடுந்தூரம் நடப்பது ராம்பிள். வேலி, வரப்பு பார்க்காமல் பரந்த நிலத்தில் போவது ரோம். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? மான்செஸ்டருக்குப் பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் என்றொரு மேட்டுநிலம். காட்டுக்கோழி வேட்டைக்காக ஜமீன்தார்கள் அதை அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. சில நூறு பேர், பெரும்பாலும் இளம் தொழிலாளர்கள், பாதையை விட்டு இறங்கி மேட்டில் ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறை. பாதையிலேயே போயிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், அது வெறும் ராம்பிள். 2000-இல் வந்த சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிப்பட்ட திறந்த நிலங்களில் நடக்க அனுமதித்தது. மக்கள் வாயில் அதன் பெயர் 'ரோம் செய்யும் உரிமை'. உங்கள் போன் சொந்தக் கம்பெனியின் எல்லை தாண்டினால் 'ரோமிங்' என்று வருகிறதே, அதே சொல்தான்.

கட்டுரையில் லாய்ட்டரை அடித்து ஸ்ட்ரோல் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் விடவில்லை. "வாசல்ல சுண்டல்காரர்கூட ஒரு மணி நேரம் நின்னு பேசுவாரே சார், அதுக்கு?"

அதற்கு லாய்ட்டர் பொருந்தும்தான். ஆனால் அதைப் பாட்டிதான் சொல்லலாம்.