கிண்டிக் காட்டில் ஒரு புலியை விட்டால் என்ன? – கேள்விக்கு விளக்கம்

வேளச்சேரியிலிருந்து ஏழாவது படிக்கிற ஒரு பையன் கேட்டிருக்கிறான்: "கிண்டிக் காட்டில் அவ்வளவு மான் இருக்கிறதே, ஒரு புலியை விட்டால் அது பாட்டுக்குத் தின்றுகொண்டு இருக்காதா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தம்பி, ஒரு புலிக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 50 மான் வேண்டும். மந்தை குறையாமல் 50 எடுக்க வேண்டுமென்றால் 500 மானாவது எப்போதும் நிற்க வேண்டும், அதாவது வட்டியைத் தின்னலாம், முதல் தொகையில் கை வைக்கக் கூடாது. இரை நிறைந்த காட்டிலேயே ஒரு பெண் புலி 15, 20 சதுர கிலோமீட்டரை வளைத்துக்கொள்ளும். கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர். முதல் வாரமே புலி சர்தார் படேல் சாலையில் சிக்னலுக்கு நிற்கும்! அப்புறம், ஒரு புலி இருந்தால் போதுமா, அதற்குத் துணை, குட்டி, அந்தக் குட்டிக்கு இடம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

சரி, காடு துண்டு துண்டாகச் சின்னதானால் வேறு என்ன ஆகும்? வழக்கமாக என் விளக்கங்களைப் பார்ப்பவர்கள் "காசிமேட்டு ஐஸ் வந்துவிட்டது" என்று சிரிப்பீர்கள், பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன். காசிமேட்டு மீன் துறைமுகத்தில் முழு ஐஸ் பாரை நிழலில் வைத்தால் மத்தியானம் வரைகூட நிற்கும், அதே எடையை உடைத்துப் பரப்பினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர். உருகுவது ஓரத்தில்தானே, உடைக்க உடைக்க ஓரம் கூடுகிறது. காடும் அப்படித்தான். வெயில், காற்று, நாய், களை எல்லாம் ஓரத்திலிருந்து 100 மீட்டர் உள்ளே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஹெக்டேர் சதுரக் காட்டில் 64 ஹெக்டேர் நிஜமான உள்காடாக மிஞ்சும். 10 ஹெக்டேரில் மிஞ்சுவது ஒன்றரைக்கும் கீழே. 1 ஹெக்டேரில் உள்காடே கிடையாது, முழுக்க ஓரம்தான். பிரேசிலில் அமேசான் காட்டில், மனாஸ் பக்கம் 1979-இல் தாமஸ் லவ்ஜாய் என்ற உயிரியலாளர் தொடங்கிய ஆய்வில் இதே 1, 10, 100 ஹெக்டேர் காட்டுத் துண்டுகளைத்தான் வெட்டாமல் விட்டுவைத்துக் கவனித்தார்கள். ஓரத்துப் பெரிய மரங்கள் காற்றில் சாய்ந்தன, படையெறும்புக் கூட்டத்தின் பின்னாலேயே போய் இரை பிடிக்கிற பறவைகள் சின்னத் துண்டுகளை விட்டே போய்விட்டன. ஒரு எறும்புக் கூட்டம் சுற்றி வரவே அந்த இடம் பத்தாது, அதை நம்பிய பறவைக்கு எங்கே பத்தும்?

என்னைக் கேட்டால், புலிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு "துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்க வேண்டும். வால்பாறையில் புதுத்தோட்டம் என்று ஒரு சோலைத் துண்டு, 100 ஹெக்டேர்கூட இல்லை, சுற்றிலும் தேயிலை. அதில் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. மரத்தைவிட்டு இறங்க விரும்பாத குரங்கு அது, அங்கே தார் ரோட்டில் நடக்கிறது, வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் போனபோது ஒரு டீக்கடைக்காரர், "கூட்டம் பெருகிட்டே இருக்கே, அப்புறம் என்ன சார் பிரச்சனை?" என்றார். பெருகுகிறதுதான், ஆனால் பெருகியது எங்கே போகும்? பக்கத்துச் சோலைக்குப் போக நடுவில் தேயிலையையும் ரோட்டையும் தாண்ட வேண்டும், வண்டியில் அடிபட்டுச் சாகிறது. அதற்காகத்தான் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய்க்குரங்கு அதில் ஏறிப் போனதை ஒரு தடவை பார்த்தேன். கீழே பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது, அது திரும்பியே பார்க்கவில்லை.

அடுத்த கேள்விக்குப் போகலாம்.