காப்பர் பைப் பிரேசிங்: எந்த கேஸ், எந்த சிலிண்டர்?

[காட்சி: மேசை மேல் கால் இஞ்ச் காப்பர் பைப் துண்டு. வளைவில் மிளகு அளவு ஓட்டை.]

பிரேசிங் என்றால் பைப்பை உருக்காமல், அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் ராடை, அதாவது உலோகக் கம்பியை, ஜாயின்டில் ஓடவிட்டு ஒட்டுவது. இந்தத் துண்டை நான் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். நாலாவது மாடி பால்கனி, ஏசி அவுட்டோர் யூனிட், இருட்டப் போகிற நேரம். அதற்கு முந்தைய வேலைக்குப் பெரிய பைப் என்பதால் டார்ச்சில் பெரிய டிப், அதாவது சுடர் வரும் முனை, போட்டிருந்தேன். மாற்ற சோம்பல். ஆக்சி-அசிட்டிலீன் சுடரைப் பைப்பில் காட்டிவிட்டு ராடு எடுக்கக் கையை நீட்டினேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்ப்பதற்குள் பைப் வெளுத்து இப்படி இளகிவிட்டது. பத்து நிமிட வேலைக்காகப் பைப்பை வெட்டி, புதுத் துண்டு வைத்து, இரண்டு ஜாயின்ட் அடித்து, வீடு போய்ச் சேர ராத்திரி ஆகிவிட்டது.

செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். நாம் போடுகிற பாஸ்பரஸ் ராடு, 15 சதவீத வெள்ளி கலந்ததாக இருந்தால், 645 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்து 800 தொடும்போது முழுதாக ஓடிவிடும். ராடு ஓடிவிட வேண்டும், செம்பு உருகக் கூடாது; நமக்கு வேண்டியது இந்த இடைவெளிதான். ஆனால் அசிட்டிலீனை ஆக்சிஜனோடு எரித்தால் சுடர் 3100 டிகிரிக்கு மேல் போகும்.

அதனால் "எந்த கேஸ்ல சூடு ஜாஸ்தி அண்ணா?" என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில் ஒன்றுதான்: கேள்வியை மாற்று. சமையல் கேஸை வெறும் காற்றில் எரித்தாலே அந்தச் சுடரின் வெப்பநிலை செம்பை உருக்கப் போதும். மெழுகுவர்த்திச் சுடர்கூட ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அதை வைத்து ஒரு அண்டாத் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியுமா? செம்பும் அந்த அண்டா மாதிரிதான். இங்கே சூடு காட்டினால் அங்கே இழுத்துக்கொண்டு போய்விடும். ஜாயின்டில் சூடு நிற்கும் அளவுக்கு வேகமாகக் கொடுக்க முடிகிறதா, அதே சமயம் கை மீறாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கேஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

[காட்சி: மஞ்சள் நிற மேப் கேஸ் கேன், கை டார்ச்.]

வீட்டு ஸ்பிளிட் ஏசி, ஃபிரிட்ஜ், கால் இஞ்ச், மூணு எட்டு (3/8 இஞ்ச்) பைப். இதற்கெல்லாம் இந்தக் குட்டி கேன் போதும். ஏறக்குறைய 400 கிராம் கேஸ், தோள் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறலாம். பெயர் மேப் கேஸ் என்றாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் புரோபிலீன். அசல் மேப் கேஸ் தயாரிப்பு அமெரிக்காவில் 2008-லேயே நின்றுவிட்டது. அரை இஞ்ச்சுக்கு மேல் போனால் இது திணறும். காற்று வீசும் மொட்டை மாடியில் இன்னும் மோசம்.

காலியான கேனில் திரும்ப கேஸ் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது ஒருமுறைக்கு மட்டும் செய்த டப்பா.

அடுப்புக்கு வருகிற பியூட்டேன் கேனை டார்ச்சில் மாட்டுகிறவர்களும் உண்டு. சென்னையில் எரியும். ஜனவரி மாதம் ஊட்டியில் காலை ஏழு மணிக்குப் பற்றவைத்துப் பாருங்கள். பியூட்டேன் ஆவியாக மைனஸ் அரை டிகிரியாவது வேண்டும். பனி விழுகிற காலையில் அது திரவமாகவே உட்கார்ந்திருக்கும். புரோப்பேன் மைனஸ் 42-லேயே ஆவியாகும், அதற்குக் குளிர் ஒரு பொருட்டில்லை.

பஸ், ரயிலில் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி, விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். கேனையும் சிலிண்டரையும் ரயிலில் ஏற்ற வேண்டாம். போகிற ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

[காட்சி: 5 கிலோ சிலிண்டர். கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டைத் தகட்டை கேமரா நெருங்குகிறது.]

அடுத்தது எல்பிஜி, அதாவது சமையல் கேஸ். 5 கிலோ சிலிண்டர் எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்குகளிலேயே கிடைக்கிறது, அடையாள அட்டை போதும். வாங்கும்போது இந்தத் தகட்டைப் பாருங்கள். ஒரு எழுத்து, இரண்டு எண். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. சி-27 என்று இருந்தால் 2027 செப்டம்பருக்குள் மறுபடி சோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர். தேதி கடந்திருந்தால் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள்.

சந்துக் கடையில் வீட்டுச் சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து, குட்டி சிலிண்டருக்கு கேஸ் இறக்கித் தருவார்கள். விலை குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முறையாக நிரப்பும்போது உள்ளே ஐந்தில் ஒரு பங்கு போல இடம் காலியாக விடுவார்கள். வெயிலில் திரவம் விரியும், அதற்கான இடம் அது. சந்துக் கடையில் கழுத்து வரை நிரப்பிய சிலிண்டரைச் சித்திரை வெயிலில் டெம்போவில் போட்டுக்கொண்டு போனால், விரிவதற்கு இடமே இல்லை. அதோடு வீட்டு கேஸைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படியும் தப்பு.

வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் இந்த வேலைக்கு ஆகாது. அது வெறும் 30 மில்லிபார்தான் தரும், டார்ச்சுக்கு அது பத்தாது. அதற்காக ரெகுலேட்டரே இல்லாமல் மாட்டுவது அதைவிட மோசம். ஹை பிரஷர் ரெகுலேட்டர் வாங்குங்கள். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள், சாய்ந்தால் ஆவிக்குப் பதில் திரவம் வரும். ரொம்ப நேரம் எரித்தால் சிலிண்டர் வேர்த்து, பனி படர்ந்து, சுடர் இளைக்கும். அப்போது டார்ச்சைச் சிலிண்டர் பக்கம் திருப்பிச் சூடு காட்டுகிற ஆளை நானே பார்த்திருக்கிறேன்! கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாலே போதும், தானாகச் சரியாகிவிடும்.

எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். பேஸ்மென்ட், லிஃப்ட் குழி, மூடிய சின்ன அறை, இங்கெல்லாம் சிலிண்டரை இறக்காதீர்கள். வெளியே வைத்துவிட்டு ஹோஸை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.

முக்கால் இஞ்ச்சுக்கு மேல் லைன் போட்டால் எல்பிஜியோடு ஆக்சிஜனையும் சேர்த்தால்தான் வேலை ஓடும். இதில் சூடு பெரும்பாலும் வெளிச் சுடரில் இருக்கிறது. அசிட்டிலீன் பழக்கத்தில் உள் கூம்பைக் கிட்டே கொண்டுபோனால் பலன் இல்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சுடரைப் பைப் மேல் போர்வை மாதிரி போர்த்துங்கள்.

[காட்சி: மெரூன் நிற டிஏ சிலிண்டர்.]

டிஏ சிலிண்டர், அதாவது அசிட்டிலீன். சீக்கிரம் சூடேறும், ஆனால் கோபக்கார கேஸ். உள்ளே பஞ்சு மாதிரி ஒரு பொருள், அதில் அசிட்டோன், அதில்தான் கேஸ் கரைந்திருக்கிறது. படுக்க வைத்துக் கொண்டுவந்தால் உடனே பற்றவைக்காதீர்கள், நிமிர்த்தி வைத்து அசிட்டோன் அடங்க நேரம் கொடுங்கள். ரெகுலேட்டரில் அழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றக் கூடாது, அதற்கு மேல் அது தானாகவே வெடிக்கக்கூடியது. வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்க வேண்டாம், சாவியை வால்விலேயே விட்டு வையுங்கள். அவசரத்தில் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

ஹோஸ் கிழிந்துவிட்டால் நம் பையில் எப்போதும் கிடக்கும் கால் இஞ்ச் காப்பர் துண்டை நடுவில் செருகி, கிளாம்ப் போட்டு ஓட்டுவோமே, அதை அசிட்டிலீன் ஹோஸில் மட்டும் செய்துவிடாதீர்கள். செம்பும் அசிட்டிலீனும் நாள்படச் சேர்ந்தால் காப்பர் அசிட்டிலைடு உண்டாகும். தட்டினாலே வெடிக்கிற சமாச்சாரம். செம்பை ஒட்ட அசிட்டிலீன் சரி, அசிட்டிலீனைச் செம்பு வழியாக விடுவது ஆகாது.

ஃபிளாஷ்பேக் அரெஸ்டர், அதாவது சுடர் ஹோஸ் வழியாகப் பின்னால் ஓடுவதைத் தடுக்கும் கருவி, இரண்டு ஹோஸுக்கும் வேண்டும். நான்-ரிட்டர்ன் வால்வு மட்டும் இருந்தால் கேஸ் பின்னால் போகாது, தீ போகும்.

[காட்சி: கறுப்பு நிற ஆக்சிஜன் சிலிண்டர்.]

என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது இதற்குத்தான். எரிகிற கேஸ் இல்லையே என்று அலட்சியமாக இருப்பார்கள். எண்ணெய்க் கையால் இதன் வால்வைத் தொடக் கூடாது, கிரீஸ் பக்கத்திலேயே வரக் கூடாது. லீக் டெஸ்டுக்குப் பைப்பில் அழுத்தம் ஏற்றும் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது, ஆக்சிஜனை வைத்துப் பண்ணிவிடலாம் என்று ஒரு யோசனை வரும். கம்ப்ரசருக்குள் இருப்பது எண்ணெய். அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் கம்ப்ரசரே குண்டாகிவிடும். நைட்ரஜன் இல்லையென்றால் வேலையை நாளைக்குத் தள்ளிப் போடுங்கள். வாடிக்கையாளர் திட்டினால் திட்டட்டும்.

சரி, பற்றவைக்கும் முன் பைப்புக்குள் என்ன இருக்கிறது? இப்போது வருகிற ஏசிகளில் குளிரூட்டும் கேஸ் பெரும்பாலும் ஆர்-32, அது எரியும் தன்மை உள்ளது. ஆர்-290 என்றால் அது புரோப்பேனேதான். கேஸை ரெகவரி செய்து (வெளியே விடாமல் தனிச் சிலிண்டரில் எடுத்து), நைட்ரஜன் விட்டுக் கழுவி, பழைய ஜாயின்டைத் தீயால் பிரிக்காமல் கட்டரால் வெட்டுங்கள். ஒட்டும்போதும் நைட்ரஜன் இரண்டு, மூன்று பிஎஸ்ஐயில் மெல்ல ஓடட்டும், இல்லாவிட்டால் உள்ளே கரி மாதிரி கறுப்புச் செதில் படிந்து கேப்பிலரியை, அதாவது உள்ளே இருக்கும் மெல்லிய குழாயை, அடைக்கும்.

[காட்சி: கை டார்ச் பற்றுகிறது. மூணு எட்டு பைப், ஸ்லீவ்.]

முதலில் உள்ளே போகும் பைப்பைச் சூடாக்குகிறேன், அப்புறம் அதன் மேல் வரும் ஸ்லீவை. சுடர் ஒரே இடத்தில் நிற்கவில்லை, பாருங்கள். நிறம் மாறுகிறது... மங்கிய சிவப்பு. இப்போது ராடைத் தொடுகிறேன், சுடரில் அல்ல, சுடருக்கு எதிர்ப்பக்கம். பைப்பின் சூட்டிலேயே உருகி உள்ளே இழுத்துக்கொண்டது. போதும், எடுத்துவிடலாம்.

ஆறவிட்டு, நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவுகிறேன். கீழ்ப் பக்கமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், குமிழி அங்கேதான் ஒளிந்திருக்கும். இல்லை. கேன் வால்வை மூடி, டார்ச்சில் மிச்சமிருந்த கேஸை எரியவிட்டு, கேனைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டேன். அடுத்த வீடியோவில் பித்தளை சர்வீஸ் வால்வு, அதற்கு ஃபிளக்ஸ், அதாவது ஒட்டும் இடத்தைச் சுத்தமாக வைக்கும் பசை, வேண்டும்.