ஃபேட்டி லிவரில் தீ வைப்பது யார்?

(திரையில்: ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்ற வரி)

இந்த வரியைப் பார்த்ததும் எல்லோரும் கொழுப்பைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தாலே ஃபேட்டி லிவர் என்று பெயர் வந்துவிடும், பலருக்கு அது அதோடு நின்றும்விடும். சிலருக்கு மட்டும் அழற்சி பற்றிக்கொள்கிறது. 2023இல் பெயர்களை மாற்றியதிலிருந்து அந்த நிலைக்கு ‘மாஷ்’ என்று பெயர். தழும்பு, சிரோசிஸ் எல்லாம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும்.

(திரையில்: நுண்ணோக்கிப் படம்)

நடுவில் பலூன் மாதிரி உப்பி வெளிறியிருக்கிறதே, அது ஹெப்படோசைட். கல்லீரலின் கனஅளவில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த வகை செல்தான். அக்கம்பக்கத்து செல்களில் தெரியும் வெள்ளை வட்டங்கள் கொழுப்பு என்று நினைப்பீர்கள், இல்லை, கொழுப்பு இருந்த இடம். ஸ்லைடு தயாரிக்கும்போதே அது கரைந்து போய்விடும், ஓட்டைதான் மிச்சம்.

இப்படி நொந்துபோன ஹெப்படோசைட் சும்மா இருப்பதில்லை. சிசிஎல்2 என்ற புரதத்தை வெளியே விடுகிறது, செத்தால் தன் டிஎன்ஏ துண்டுகளையும் கொட்டுகிறது. அதை மோப்பம் பிடிப்பவை ரத்த நுண்குழாய்களின் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் குப்ஃபர் செல்கள், அதாவது கல்லீரலின் சொந்த மேக்ரோஃபேஜ்கள் (கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கும் காவல் செல்கள்). (1876இல் குப்ஃபர் என்ற விஞ்ஞானி பார்த்தது உண்மையில் பக்கத்திலிருந்த ஸ்டெல்லேட் செல் என்ற வேறொரு வகை செல்லை! ஆள் மாறிப்போய் பெயர் இங்கே ஒட்டிக்கொண்டது.) குப்ஃபர் செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் கருவுக்குள் நுழைந்து டிஎன்எஃப், ஐஎல்-1 பீட்டா போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களின் ஜீன்களை முடுக்கிவிடும், சிசிஎல்2 வாசனைக்கு ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேரும்.

அப்படியென்றால் என்எஃப்-கப்பா-பியை அடக்கிவிட்டால் தீர்ந்தது, இல்லையா?

அங்கேதான் இடிக்கிறது. அதை இயக்க நீமோ என்ற புரதம் வேண்டும். எலிகளின் ஹெப்படோசைட்டுகளில் மட்டும் நீமோவை எடுத்துப் பார்த்தார்கள், 2007இல் முடிவு வெளியானது. அழற்சி குறையவில்லை, கொழுப்பும் அழற்சியும் தானாகவே வந்து கடைசியில் கல்லீரல் புற்றுநோயில் போய் நின்றது. ஏனென்றால் ஹெப்படோசைட்டுக்குள் அதே என்எஃப்-கப்பா-பிதான் செல் சாகாமல் காக்கும் புரதங்களையும் செய்யவைக்கிறது, அது போனதும் செல்கள் செத்து விழ, செத்தவற்றைப் பார்த்து மேக்ரோஃபேஜ்கள் கொதிக்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த சோதனை இதுதான்.

(திரையில்: ஒரு மேக்ரோஃபேஜ் செத்த செல்லை விழுங்கும் அனிமேஷன்)

அப்புறம், வந்து சேர்ந்த மோனோசைட்டுகள் எல்லாமே வில்லன்கள் என்றும் சொல்ல முடியாது. அவற்றில் சில மேக்ரோஃபேஜாக மாறி, மேற்பரப்பில் ட்ரெம்2 என்ற புரதத்தை ஏந்திக்கொண்டு செத்த செல்களை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. சோகம் என்னவென்றால், அழற்சி நீடித்தால் ஆடம்17 என்ற நொதி அந்த ட்ரெம்2வையே வெட்டிவிடுகிறது, குப்பை அள்ள ஆளில்லாமல் போகிறது. இதே மேக்ரோஃபேஜ்கள் விடும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் ஸ்டெல்லேட் செல்லை எழுப்பிவிட்டால் அது கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நெய்ய ஆரம்பிக்கும், தழும்பு அதுதான்.

மருந்துகளின் கதையும் இதையொட்டித்தான். சிசிஎல்2வை மோனோசைட்டுகள் உணரும் ஏற்பியான, அவை உள்ளே வரும் வாசலான சிசிஆர்2வை அடைத்துப் பார்த்த செனிக்ரிவிராக் என்ற மருந்து, போதிய பலன் இல்லாமல் 2021இல் கடைசிக் கட்டச் சோதனையில் நின்றுபோனது. சுத்தம் செய்யப் போகிறவர்களும் அதே வாசல் வழியாகத்தானே வருகிறார்கள், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் மாஷுக்கென்று முதலில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் மேக்ரோஃபேஜ் பக்கமே போகவில்லை. ஹெப்படோசைட்டில் இருக்கும் தைராய்டு ஹார்மோன் ஏற்பியைத் தட்டி, அங்கேயே கொழுப்பை எரிக்கவைக்கிறது.