இரண்டு சிப்பத்துக்கு மூன்று கிலோ குறை

(மன்னார்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் பில் கிளார்க்காக இருந்து சிப்பம் எண்ணியவன். அகதிகளுக்கான உதவித்தொகையைப் பற்றிப் பேச என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று முதலில் விளங்கவில்லை. தாளும் பேனாவுமாக உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. இது நம்ம கணக்கு.

முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் குடும்பத்துக்கு அரசு மாதாமாதம் பணம் கொடுக்கிறது. 2011-இல் அதைக் குடும்பத் தலைவருக்கு 1,000, மற்ற பெரியவர்களுக்கு 750, பிள்ளைகளுக்கு 400 என்று ஆக்கினார்கள். அதோடு பத்து வருஷம் அசையவில்லை. 2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்து, அது 1,500, 1,000, 500 ஆனது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அதே அறிவிப்பில் வந்தது. மறுநாளே ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் எடை போடாமல் பில் எழுதிப் பழக்கமில்லை எனக்கு.

2011-12-இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த விலை குவிண்டாலுக்கு 1,080 ரூபாய். அந்த 1,000 ரூபாய்க்கு 92 கிலோ நெல். நம்ம சிப்பம் 40 கிலோ. ஆக இரண்டு சிப்பம் போக, மேலே 12 கிலோ. 2021-22-இல் விலை 1,940. ஏற்றிக் கொடுத்த 1,500-க்கு 77 கிலோதான் வருகிறது. இரண்டு சிப்பத்துக்கு மூன்று கிலோ குறை. ஏற்றிய அன்றைக்கே அது பத்து வருஷம் முந்தைய எடையைத் தொடவில்லை ஐயா! 2025-26-க்கு நெல் விலை 2,369. அதே 1,500-ஐ வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள், ஒன்றரைச் சிப்பம்தான் மிஞ்சும்.

நெல் விலையே கட்டுப்படியாகவில்லை என்று ரோட்டில் உட்காருகிறவர்கள் நாம். அந்தக் கட்டுப்படியாகாத விலைகூட ஒவ்வொரு வருஷமும் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்று தெரியாது, ஆனால் அறிவிப்பு வரும் என்று தெரியும். முகாம் பணத்துக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. திருச்சி கொட்டப்பட்டு முகாமுக்குப் போயிருந்தபோது ஒரு அம்மா சொன்னார்: “ஐயா, கூட்டித் தந்தது சந்தோசம்தான். அடுத்த முறை எப்ப கூட்டுவினம் எண்டுதான் தெரியேல்லை.”

அரிசிதான் தனியாகக் கொடுக்கிறார்களே என்பீர்கள். கொடுக்கிறார்கள். புளி, பருப்பு, எண்ணெய், சோப்பு, பஸ் காசு? ஆம்பிளைகள் பெயிண்ட் அடிக்கப் போகிறார்களே என்பீர்கள். போகிறார்கள், மழையில் பெயிண்ட் வேலை கிடையாது. வெளியூர் போனாலும், ஆள் இருக்கிறாரா என்று அதிகாரிகள் எண்ணிப் பார்க்கும் தணிக்கை நாளைக்கு முகாமில் நிற்க வேண்டும். மற்ற பெரியவர்களுக்கான 1,000-ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். பிள்ளைக்கு அதில் பாதி. முகாமுக்கு வெளியே போலீசில் பதிந்து வாழும் 34,000 பேருக்கு இதுவும் இல்லை. அது தனிக் கதை, இன்றைக்கு நேரம் போதாது.

அரசாணையில் இதற்குப் பெயர் ‘பணக்கொடை’. எனக்கு இந்தச் சொல்தான் உறுத்துகிறது. கொடை, கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் இவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்று யாரையும் கேட்க முடிவதில்லை. மேட்டூர் திறப்பைப் பார்த்துக்கொண்டே நாற்று விட்டவர்கள் நாம். கர்நாடகத்து அணை நிரம்பி வழியும்போது வந்தால் அது அவர்கள் மிச்சம். காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் எல்லையான பிலிகுண்டுலுவில் மாதாமாதம் இத்தனை டிஎம்சி தண்ணீர், வருஷத்துக்கு 177.25 என்று எழுதி வாங்கியது நம்ம பங்கு. எழுதியபடி வருகிறதா என்பது வேறு சண்டை. சண்டை போடவாவது கையில் ஒரு எண் இருக்கிறது.

பிரிட்டனில் தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்கு வாரத்துக்கு 36.62 பவுண்டு என்று 2011-லிருந்து ஏற்றாமல் வைத்திருந்தார்கள். ரெஃப்யூஜி ஆக்‌ஷன் என்ற தொண்டு அமைப்பு வழக்குப் போட்டது. 2014 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த முடிவு செல்லாது என்றது. தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, நீதிபதி இத்தனை பவுண்டு கொடு என்று சொல்லவில்லை. துணி துவைக்கும் பவுடர், குழந்தைக்குப் பால் மாவு, கடையில் வாங்கும் மாத்திரை, இதையெல்லாம் சேர்க்காமல் போட்ட கணக்கு ஒரு கணக்கா, திரும்பப் போடு என்றார். அதற்கப்புறமும் தொகை போதவில்லை என்று அங்கே போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அரசுக்குக் கொடுக்க நாம் எழுதியிருக்கும் மனுவிலும் இவ்வளவு என்று தொகை எழுதவில்லை. எந்தெந்தச் செலவைச் சேர்த்து 1,500 வந்தது என்று அரசு பட்டியல் வெளியிட வேண்டும், வருஷம் ஒருமுறை விலைவாசியோடு அதைத் திருத்த வேண்டும். இரண்டே கோரிக்கை.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு ஊர் பேரையும் எழுதுங்கள். பேனா கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து திரும்ப வைத்துவிட்டுப் போங்கள், மூன்றுதான் இருக்கிறது.