வாசலோடு நிற்கும் ஹார்மோன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நாயிலிருந்து தொடங்குகிறேன்.

1902 ஜனவரி, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். பெய்லிஸ், ஸ்டார்லிங் என்று இரண்டு உடலியல் ஆய்வாளர்கள், மைத்துனர்கள். மயக்கத்தில் இருந்த நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு, அங்கே அமிலம் விட்டார்கள். நரம்பு இல்லாமல் செய்தி எப்படிப் போகும்? ஆனாலும் கணையநீர் சொட்டியது. உடனே குடலின் உட்பூச்சைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, கழுத்து ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். மறுபடியும் சொட்டியது. அதில் இருந்த சரக்குதான் செக்ரிட்டின். இப்படி ரத்தத்தில் போய்ச் செய்தி சொல்லும் பொருளுக்கு ஹார்மோன் என்ற பெயரே 1905-இல்தான் வந்தது!

சரி, 27 அமினோ அமிலங்கள் கோத்த இந்தச் சங்கிலி கணையச் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது? உள்ளேயே போவதில்லை. கொழுப்பாலான சவ்வைத் தாண்ட அதனால் முடியாது. சவ்வை ஏழு தரம் ஊடுருவித் தைத்ததுபோல் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. செக்ரிட்டின் வெளியிலிருந்து அதைப் பற்றியதும், உள்பக்கம் ஜி-புரதம் என்ற ஸ்விட்ச் விழித்துக்கொள்ளும். அது அடினைலில் சைக்ளேஸ் நொதியைத் தூண்ட, நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை, உள்ளே செய்தி சுமக்கும் சைக்ளிக் ஏஎம்பி ஆக்கிக் குவிக்கும். அது கைனேஸ்-ஏ நொதியை அவிழ்த்துவிடும். கைனேஸ், சவ்வில் இருக்கும் சிஎஃப்டிஆர் என்ற மடையில் பாஸ்பேட்டை ஒட்டும், மடை திறந்து குளோரைடு வெளியேறும். வெளியே போன குளோரைடை உள்ளே வாங்கிக்கொண்டு அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டை அனுப்புகிறது செல், பின்னாலேயே தண்ணீர். இரைப்பையிலிருந்து வந்த அமிலம் அடங்குகிறது.

இதே சைக்ளிக் ஏஎம்பி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் வேறு வேலை பார்க்கும். அங்கே தட்டுவது ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன். வெளிவருவது இன்சுலின், அதுவும் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால்தான்.

எனக்கு இதில் பிடித்தது அணைக்கும் ஏற்பாடு. ஜி-புரதம் கொஞ்ச நேரத்தில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். காலரா நஞ்சு கைவைப்பது சரியாக அந்த ஸ்விட்சில்தான். அப்புறம் குடல் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி இறங்குவதே இல்லை, அதே சிஎஃப்டிஆர் மடை மூடுவதில்லை. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை தண்ணீர் வெளியேறிவிடும். ஆனால் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே வருகிற வழி ஒன்று இருக்கிறது. அதை அந்த நஞ்சு தொடுவதில்லை. ஓஆர்எஸ் பாக்கெட்டில் உப்போடு குளுக்கோஸையும் சேர்த்து வைத்திருப்பது அதற்காகத்தான்.