899 ரூபாய் ஹீட் மேட்டை நம்பி மேசையை உருக்கினேன்

வணக்கம் மக்களே! மொட்டை மாடிதான், அதே இடம்தான், பின்னால் அதே தண்ணீர்த் தொட்டிதான். ஆனால் இந்த மேசையைப் பாருங்கள். கிட்டே காட்டுகிறேன், இருங்கள். நாலு பள்ளம் தெரிகிறதா? என் குட்டி கிரில்லின் நாலு கால். நடுவில் சட்டி மாதிரி ஒரு குழி வேறு.

போன ஞாயிறு பனீர் டிக்கா போட்டபோது நடந்தது இது. இந்த பிளாஸ்டிக் மேசையை நான் எவ்வளவு புகழ்ந்தேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். மாடிச் செடி வீடியோவில் அதன்மேல் ஏறியே நின்றேன். ஆனால் என் கோபம் மேசைமேல் இல்லை, கிரில்லுக்கு அடியில் விரித்த மேட்டின்மேல். வெப்பம் தாங்கும் மேட், 260 டிகிரி வரை, என்று பெரிய எழுத்தில் போட்டு 899 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பொய் சொன்னார்கள் என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். மேட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மேசைதான் போயிற்று!

யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். கனன்ற கரி 600 டிகிரியைத் தாண்டும். சூடு மேலே மட்டும் போகாது, கீழேயும் அடிக்கும். இரண்டு மில்லிமீட்டர் மேட் தான் எரியாமல் இருந்துகொண்டு, சூட்டை அப்படியே கீழே தள்ளிவிடும். இந்த மாதிரி மேசை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். 160 டிகிரி பக்கம் உருகிவிடும், மேலே கனம் இருந்தால் அதற்கு முன்பே குழைந்துவிடும். அலுமினிய ஃபாயில் சுற்றுங்கள் என்று ஒருவர் கமென்ட் போட்டிருந்தார். மேசையோடு ஒட்டி விரித்தால் அதுவும் இதே கதைதான்.

அம்மாவிடம் சொன்னேன். "பிரிமனை இல்லாம சோத்துப் பானைய வெப்பியாடி?" என்று ஒரே கேள்வி. வைக்கோல் வளையம்தானே, ஆனால் பானையின் அடி தரையில் படாது, நடுவில் காற்று இருக்கும். எனக்குத் தேவைப்பட்டது அந்த இடைவெளி.

சரி, இப்போது என் வெற்றிக் கதை. மாடியில் பதிப்பார்களே தட்டோடு, அது சுட்ட களிமண், சூட்டுக்குப் பயமில்லை. கடைக்குப் போனால் பெட்டியாகத்தான் தருவார்களாம். எனக்கு வேண்டியது இரண்டு! அடுத்த தெருவில் வீடு கட்டுகிறார்கள், மேஸ்திரி அண்ணனிடம் கேட்டேன். அடிக்கு அடி ஓடு, மூன்று எடுத்துக்கொள், நூறு ரூபாய் என்றார். நான் எண்பது என்றேன். அவர் தொண்ணூற்றைந்து. நான் வண்டியைக் கிளப்புவது மாதிரி சாவியைத் திருகினேன். எண்பத்தைந்து! கூடவே மூன்று செங்கல் சும்மா. ஸ்பீட் பிரேக்கரில் ஒரு ஓடு உடைந்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அடுக்குவது இப்படி: மூன்று செங்கல்லையும் குறுக்கே படுக்க வையுங்கள், இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று, இரண்டு ஓடும் சேரும் இடத்துக்கு அடியில் ஒன்று. மேலே ஓடு, அதன்மேல் கிரில். அடியில் மூன்று இஞ்சு காற்று ஓடும். மேசை ஆடக் கூடாது, அதை முதலில் பாருங்கள்.

ஆங், சோதனையைச் சொல்லாமலே போகிறேனே! செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை கரி மூட்டினேன். முதலில் செங்கல் இல்லாமல், ஓடு ஒன்றை ஒரு பழைய பலகைமேல் நேராக வைத்து, அடியில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டைச் செருகினேன். முக்கால் மணி நேரத்தில் மெழுகு வழிந்து பலகையில் ஊறிவிட்டது. ஓடும் சூடேறினால் சூட்டைக் கடத்தத்தானே செய்யும். அடுத்து செங்கல்மேல் தூக்கி, அடியில் புதுத் துண்டு. அதே முக்கால் மணி. துண்டு துண்டாகவே இருந்தது, விரலால் அழுத்தினால் லேசாகக் குழைந்தது, அவ்வளவுதான். மெழுகு உருக ஐம்பது, அறுபது டிகிரி போதும், ஆக அடியில் சூடு அதற்கும் கீழேதான் இருந்திருக்கிறது.

செங்கல், ஓடு இரண்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மழையில் நனைந்ததைச் சூடாக்கினால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கலாம். கடப்பா கல்லும் அப்படித்தான், அடுக்கு அடுக்காக உரியும். வீட்டில் கிடக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் துண்டைத் தயவுசெய்து தொடாதீர்கள், சூட்டில் அது வெடித்துச் சிதறும், அந்தத் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. கண்ணாடி மேசை வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரு இடம் மட்டும் சூடேறினால் மொத்தமும் நொறுங்கும், நான் ஓடு வைத்தும் அதில் செய்ய மாட்டேன். தூறல் வந்தால் கிரில்லை அறைக்குள் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இதில் ஒரே குறை, உயரம். என் உயரம் உங்களுக்குத் தெரியும். கம்பியைத் திருப்ப முழங்கையைத் தூக்கித் தூக்கி நேற்று தோள் போயிற்று, கடைசியில் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து ஏறி நின்றேன். அண்ணன் மகன் அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறான், போட மாட்டேன்.

மேசையைத் தூக்கிப் போடவில்லை. அந்த நடுக்குழியில் புதினா சட்னிக் கிண்ணம் கச்சிதமாக உட்காருகிறது, பாருங்கள். கரி ரெடி, இன்றைக்குச் சோளக்கதிர்.