உடுவில் விடுதி கொடுத்ததே அதிகம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஊர்ப்புறத்து விடுதிப் பள்ளிகள் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்தது அதிகமா, பறித்தது அதிகமா?’ கொடுத்ததே அதிகம் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தோழி யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியை எடுத்துக்கொண்டார். நல்லது, நானும் அங்கேயே நிற்கிறேன்.

பெயரைப் பறித்தார்கள், சமயத்தைப் பறித்தார்கள், தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்தார்கள் என்றார். முதல் இரண்டையும் நான் மறுக்கப்போவதில்லை. காசு அனுப்பிய அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டியது உண்மை. அமெரிக்க மிஷனரி எலைசா அக்னியூ பள்ளிப் பொறுப்பில் இருந்த 40 ஆண்டுகளில் முழுப் படிப்பையும் முடித்த எவரும் சைவராக வெளியே போகவில்லை என்று மிஷன்காரர்களே பெருமையாக எழுதிவைத்தார்கள். அதே மிஷன் ஆண்பிள்ளைகளுக்கு நடத்திய வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது 1823இல், உடுவில் 1824இல். அங்கே படித்த பையன்களுக்கு இங்கே கிறிஸ்தவ மனைவிகள். கணக்கு நன்றாகவே தெரிகிறது!

சரி, அந்த 1824ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோயிலில் ஆடும் பெண்ணுக்குத்தான் எழுத்து, குடும்பப் பெண்ணுக்கு எதற்கு என்று கேட்ட காலம். அப்போதுதான் அமெரிக்க மிஷனரி ஹேரியட் வின்ஸ்லோ உடுவிலில் விடுதி தொடங்கினார். பகல் பள்ளி போதாதா? போதாது ஐயா. தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் பகல் பள்ளிப் பிள்ளை அன்றைக்கு வராது. பெரியவளாகிவிட்டால் என்றைக்குமே வராது. விடுதியில் இருந்தவளுக்கு மட்டும்தான் அதற்குப் பிறகும் புத்தகம் கையில் இருந்தது. படிப்பை முடித்துக் கல்யாணமாகிப் போனவளுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு தகப்பனை மடக்க இதைவிட நல்ல வழி எவருக்கும் தோன்றியிராது. (சிரிக்கிறீர்கள். இன்றைக்கும் அதே கதைதானே!)

அப்புறம், சமயம் போகிறதே என்று கொதித்த சைவர்கள் என்ன செய்தார்கள்? பெண்களை வீட்டில் பூட்டி வைத்தார்களா? சைவத் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி கட்டினார். எங்கே? உடுவிலை ஒட்டிய மருதனார்மடத்தில். எப்படி? விடுதியோடு! திருநீறு பூசிய விடுதி, அவ்வளவுதான் வித்தியாசம். விடுதியே கேடு என்றால் அவர் ஏன் இன்னொன்றைக் கட்ட வேண்டும்? ஆகவே தோழி சண்டை போட வேண்டியது மிஷனோடு, விடுதியோடு அல்ல.

ஆசியாவிலேயே முதல் பெண்கள் விடுதிப் பள்ளி எங்களுடையதுதான் என்று உடுவில்காரர் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பட்டத்துக்காக நான் வாதாட வரவில்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார். மூன்றாவது குற்றச்சாட்டு ஒன்று பாக்கி இருக்கிறது, தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தார்கள் என்பது. அக்னியூ 1840இல் வந்தவர், 1879வரை அதே பள்ளியில் இருந்தார். முதலில் அவரிடம் படித்த சிறுமிகளின் மகள்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு பேத்திகளும் வந்தார்கள். பறிகொடுத்தவள் தன் மகளின் கையைப் பிடித்து அதே படலைக்குக் கூட்டிவருவாளா? தோழி எழுந்து இதற்குப் பதில் சொல்லட்டும்.